கடைசி மணி வரை சண்டை போகுமா என்று பணம் கட்டுவது: கணக்கா, சூதா?

கல்மண்டபம் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். துறைமுகச் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. என் அக்காள் மகன் வீட்டருகே உள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் ஒன்றரை ஆண்டாக எம்எம்ஏ என்னும் கலப்புத் தற்காப்புக் கலை பழகி வருகிறான். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் யுஎஃப்சி என்னும் எம்எம்ஏ போட்டித் தொடரின் சண்டைகள் நமக்கு ஞாயிறு காலையில் ஒளிபரப்பாகின்றன. காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு நான் திரும்பும்போது ஏழெட்டுப் பையன்கள் அந்தக் கூடத்துத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இருந்ததில்லை. சென்ற மாதம் அவன் தன் அம்மாவிடம் நான்காயிரம் ரூபாய் கேட்டு, எதற்கென்று சொல்லாமல் தலைகுனிந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

யார் வெல்வார் என்று அவன் பணம் கட்டுவதில்லையாம். எல்லாச் சுற்றும் முடிந்து சண்டை புள்ளி நடுவர்களின் தீர்ப்பு வரை போகுமா, அதற்கு முன்பே நாக்அவுட்டிலோ, பிடியில் சிக்கியவர் தோல்வியை ஒப்புக்கொண்டோ முடிந்துவிடுமா என்பதில் மட்டும்தான் கட்டுகிறானாம். "யார் ஜெயிப்பார் என்பது அதிர்ஷ்டம் மாமா, எவ்வளவு நேரம் போகும் என்பது கணக்கு" என்கிறான். அதை மனதார நம்பித்தான் சொல்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிகிறது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திட்டினால் ஒளித்துச் செய்வான் என்பது மட்டும் தெரிகிறது. இந்த விளையாட்டை அறிந்தவர்களும் பணக்கணக்கு அறிந்தவர்களும் அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று எழுதினால், அதை அப்படியே அவனிடம் காட்டுவேன்.

வியாசர்பாடி பயிற்சியாளர் எழுதியது:

ஐயா, உங்கள் மருமகன் சொல்வதில் பாதி உண்மை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பாதியை நாம் மறுத்தால் மீதியை அவன் காதில் வாங்கமாட்டான்.

இந்தக் கேள்வியே விதிகளோடு பிறந்தது. 1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி நடந்தபோது புள்ளி நடுவர்களே கிடையாது. ஒருவர் விழ வேண்டும், அல்லது தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது அவர் தரப்பினர் துண்டை எறிய வேண்டும். 1995 ஏப்ரலில் ஹோய்ஸ் கிரேசியும் கென் ஷாம்ராக்கும் 36 நிமிடம் மோதி, தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல் சண்டை சமனில் முடிந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே நடுவர்கள் வந்தார்கள். 1999-இல் ஐந்து நிமிடச் சுற்றும், சுற்றை வென்றவருக்குப் பத்துப் புள்ளி என்ற முறையும் வந்தன. சாதாரணச் சண்டைக்கு மூன்று சுற்று, பட்டச் சண்டைக்கு ஐந்து சுற்று. 2011-இன் இறுதியிலிருந்து, பட்டம் இல்லாவிட்டாலும் அன்றைய தலைமைச் சண்டைக்கும் ஐந்து சுற்றுதான்.

எங்கள் கூடத்தில் பையன்கள் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான். இருவரும் ஒரே ஆட்கள், ஒரே பாணி என்றாலும், 15 நிமிடம் தாக்குப்பிடிப்பதும் 25 நிமிடம் தாக்குப்பிடிப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு சுற்றிலும் சண்டை முடிந்துபோக ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்றையும் தாண்டும் வாய்ப்பு 51 விழுக்காடு. ஐந்து சுற்றையும் தாண்டும் வாய்ப்பு 33 விழுக்காட்டைக்கூட எட்டாது. உண்மையில் ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் சுற்றில் உடல் உலர்ந்திருக்கும், பிடி வழுக்காது, கைகளில் முழு பலம் இருக்கும். நான்காம் சுற்றில் வியர்வை வழுக்கும், அடித்தவர் கை சோர்ந்திருக்கும், அடிவாங்கியவரின் தாடையும் அதே அளவு சோர்ந்திருக்கும்.

அடுத்தது எடை. 52 கிலோவில் சண்டையிடும் பெண்களுக்கும் 120 கிலோ வரை அனுமதிக்கப்படும் ஹெவிவெயிட் ஆண்களுக்கும் விதிகள் ஒன்றே, சுற்றுகளும் ஒன்றே. ஆனால் மெல்லிய எடையில் சண்டைகள் தீர்ப்பு வரை அதிகம் போகும், கனத்த எடையில் அதிகம் முடிந்துவிடும். நான்கு அவுன்ஸ் கையுறைக்குள் இருக்கும் 115 கிலோ மனிதரின் முட்டி ஒருமுறை சரியாகப் பட்டால் போதும். நம் பக்கத்துக் குத்துச்சண்டையோடு இதை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குத்துச்சண்டையில் கீழே விழுந்தவருக்கு எண்ணிக்கை உண்டு, மூச்சு வாங்க எட்டு விநாடியாவது கிடைக்கும். எம்எம்ஏ நடக்கும் கூண்டில் அது கிடையாது. விழுந்தவர் மேல் எதிராளி பாய்ந்துவிடுவார், களநடுவர் இடையில் விழுந்து தடுக்கும்வரை அடி நிற்காது. குத்துச்சண்டையில் எழுந்து நின்று கடைசி மணி வரை போயிருக்கக்கூடிய எத்தனையோ சண்டைகள் இங்கே அந்த எட்டு விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன.

பிறகு பாணி. எதிராளியைத் தூக்கிக் கீழே போட்டு, மேலே படுத்து நேரத்தைக் கடத்தக்கூடிய மல்யுத்தக்காரர் ஒருவர், பிடிகளிலிருந்து தப்பத் தெரிந்த எதிராளி ஒருவர் என்றால் தீர்ப்பு நெருங்கி வரும். இருவருமே அடிக்க வருகிறவர்கள், இருவரில் ஒருவருக்குத் தற்காப்பு பலவீனம், வயது ஏறி நாக்அவுட் பல வாங்கியவர் என்றால் விலகிப் போகும். இரண்டு வார அவகாசத்தில் மாற்றாளாக வந்தவருக்கு மூன்றாம் சுற்றில் மூச்சு தாங்காது. இவையெல்லாம் படித்தும் பார்த்தும் தெரிந்துகொள்ளக்கூடியவை. உங்கள் மருமகன் கணக்கு என்று சொல்வது இதைத்தான் என்றால், அவன் நல்ல மாணவன்.

மின்ட் தெருக் கணக்கர் எழுதியது:

பயிற்சியாளர் ஐயா சொன்னது சண்டையின் கணக்கு. பணத்தின் கணக்கு வேறு. தம்பி முதலாவதில் தேறியதால் இரண்டாவதிலும் தேறிவிட்டதாக நினைக்கிறார் என்று தோன்றுகிறது.

நம் பக்கத்தில் பந்தயம் வாங்கும் புக்கிகள் பைசாவில் விலை சொல்வார்கள். எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத சண்டைக்கு, தீர்ப்பு வரை போகும் என்பதற்கு 80 பைசா, போகாது என்பதற்கும் 80 பைசா. அதாவது நூறு ரூபாய் கட்டி வென்றால் எண்பது ரூபாய் லாபம், தோற்றால் நூறும் போச்சு. இரண்டு பக்கமும் ஆளுக்கு நூறு கட்டினால் அவர் கைக்கு 200 வருகிறது, வென்றவருக்கு 180 கொடுக்கிறார், இருபது ரூபாயைச் சண்டை பார்க்காமலே எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இந்த விலையில் ஒருவர் நூறு சண்டைக்கு நூறு நூறு ரூபாயாகக் கட்டி, 55 முறை சரியாகச் சொன்னால் என்ன ஆகும்? லாபம் 4,400, நட்டம் 4,500. நூறில் ஐம்பத்தைந்து சரியாகச் சொன்ன மனிதர், அதாவது குருட்டாம்போக்கில் சொல்பவரைவிட உண்மையிலேயே அதிகம் தெரிந்த மனிதர், நூறு ரூபாய் இழந்து நிற்கிறார். 56 சரியாக இருந்தால்தான் எண்பது ரூபாய் மிஞ்சும். விலையும் எப்போதும் எண்பதாக இருக்காது. லேசான எடைப் பெண்கள் சண்டைக்குத் தீர்ப்பு என்றால் விலை 40 பைசாவுக்கு இறங்கிவிடும். அங்கே நட்டமில்லாமல் தப்பவே நூறில் 72 சரியாக இருக்க வேண்டும். பயிற்சியாளர் சொன்ன எடை, பாணி, சுற்று எல்லாம் அந்த விலையை வைத்தவருக்கும் தெரியும் என்பதால்தான் விலை இறங்கியிருக்கிறது. ஆகவே, சண்டை தீர்ப்பு வரை போகுமா என்று தம்பி கேட்டுக்கொண்டால் போதாது. விலை வைத்தவருக்குத் தெரியாத எது எனக்குத் தெரியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று சண்டைகளைச் சேர்த்துக் கட்டும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்றும் எண்பது பைசா என்றால், மூன்றும் பலித்தால் நூறுக்கு 583 கையில் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்றும் பலிக்க எட்டில் ஒரு வாய்ப்புத்தான் என்னும்போது நியாயமான தொகை 800. ஒரு சண்டையில் பத்து விழுக்காடாக இருந்த புக்கியின் பங்கு இங்கே 27 விழுக்காடாக ஏறிவிட்டது.

தண்டையார்பேட்டை பெரியவர் எழுதியது:

எனக்கு எழுபது வயதாகிறது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று ஊரே இரண்டுபட்டு நின்ற குத்துச்சண்டைகளைப் பற்றி என் தகப்பனார் சொல்லக் கேட்டும், பிற்காலத்தில் நானே கண்ணப்பர் திடலில் பார்த்தும் வளர்ந்தவன். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை நடத்தியதும் என் வாலிபத்தில்தான். எத்தனையாவது ரவுண்டில் விழுவான் என்று கூட்டத்தில் பந்தயம் பேசிக்கொள்வது அன்றும் உண்டு.

நான் சொல்ல வந்தது கணக்கு என்ற சொல்லைப் பற்றி. நியூயார்க் பருத்திச் சந்தை விலையின் எண்களை வைத்துப் பம்பாயில் தொடங்கிய எண் சூது, நம் தெருக்களில் காட்டன் என்ற பெயரில் ஓடியது. என் அண்ணன் அதற்கு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். எந்தக் கிழமை எந்த எண் வந்தது, எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண் வரும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். அவரும் அதைக் கணக்கு என்றுதான் சொன்னார். அண்ணியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போய் மீளவில்லை. அந்த நோட்டுகளை அவர் இறந்த பிறகு நான்தான் எடுத்து எரித்தேன்.

கொருக்குப்பேட்டை இளைஞன் எழுதியது:

பெரியவருக்கு வணக்கம், உங்கள் வீட்டு இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் காட்டனையும் இதையும் ஒன்றாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டனில் நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் தொடர்பு கிடையாது. சண்டைக்காரருக்கு நேற்று உண்டு. அவர் எத்தனை முறை தீர்ப்பு வரை போனார், யாரிடம் எப்படித் தோற்றார் என்பதெல்லாம் கண் முன்னே இருக்கிறது.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. யார் வெல்வார் என்று கட்டினால் நடுவர்களின் மனப்போக்குக்கு நாம் பலியாக நேரும். 2024 ஜூனில் பூஜா தோமர் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியர்களில் ஒருவராக வரலாற்றில் இடம் பிடித்த சண்டையை நினைத்துப் பாருங்கள். ஒரு நடுவர் மூன்று சுற்றும் அவருக்கே என்று 30-27 கொடுத்தார், இன்னொருவர் எதிராளிக்கு அதே 30-27 கொடுத்தார், மூன்றாமவரின் 29-28 தான் அவரை வெல்ல வைத்தது. ஒரே சண்டையைப் பார்த்த இருவர் நேரெதிராக எழுதுகிற விளையாட்டில், தீர்ப்பு வரை போகும் என்று கட்டியவருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. மூவரும் ஒன்றாகச் சொன்னாலும் பிரிந்து சொன்னாலும் சமன் என்றாலும் அவர் சொன்னது சரிதான். இதில்தான் நேர்மை அதிகம் என்று நான் நம்புகிறேன். நானும் கட்டுகிறேன், சிறிய தொகைதான்.

வியாசர்பாடி பயிற்சியாளர் எழுதியது:

தம்பி, காட்டனுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்று நீங்கள் சொல்வது சரி. நானும் அதையே சொல்லியிருப்பேன். நடுவர்களின் பிரச்சினையிலிருந்து இந்தப் பந்தயம் தப்பிக்கிறது என்பதும் சரி. ஆனால் சண்டைக்காரரின் நேற்று கண் முன்னே இருக்கிறது என்கிறீர்களே, அந்த இடத்தில் நில்லுங்கள்.

2018 ஜூலையில் பிரான்சிஸ் இங்கானுவும் டெரிக் லூயிஸும் மோதினார்கள். அந்த எடையின் மிகக் கொடிய கைகள் இரண்டு ஒரே கூண்டில். நேற்றைய பதிவேட்டைப் பார்த்த எவரும் இது இரண்டாம் சுற்றைத் தாண்டாது என்றே சொல்லியிருப்பார்கள். நானும் எங்கள் பையன்களிடம் அப்படித்தான் சொன்னேன். மூன்று சுற்றும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள், கூட்டம் கூச்சலிட்டது, லூயிஸுக்குத் தீர்ப்பில் வெற்றி. பிறகு யோசித்தபோதுதான் காரணம் புரிந்தது. அதே ஆண்டு ஜனவரியில் இங்கானு ஸ்டிப்பே மியோசிச்சிடம் ஐந்து சுற்று இழுபட்டு, மூச்சு வாங்கித் தோற்றிருந்தார். அந்தத் தோல்வி அவர் மனதில் என்ன செய்திருந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மேலும், எதிரே நிற்பவரின் கையும் ஆபத்தானது என்று தெரிந்தால் இருவரும் முன்னே வரத் தயங்குவார்கள். பலம் கூடக்கூடச் சண்டை சீக்கிரம் முடியும் என்ற விதியைப் பயம் தலைகீழாக மாற்றிவிடும்.

நம் இந்திய வீரர் அன்ஷுல் ஜூப்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் அபுதாபியில் மூன்றாம் சுற்று வரை போய் அங்கே நாக்அவுட் ஆனார். அடுத்து 2025 பிப்ரவரியில் சிட்னியில் 19 விநாடியில் முடிந்தது. ஒரே மனிதர், அடுத்தடுத்த இரண்டு சண்டைகள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே கூண்டேறுகிற மனிதரைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு சண்டைகளை வைத்து விழுக்காடு போடுவது, பத்து நாள் வானத்தைப் பார்த்து மழைக்கணக்குச் சொல்வது போலத்தான்.

தீர்ப்பு என்ற சொல்லுக்குள் இருக்கும் பொந்துகளையும் கவனியுங்கள். 2021 மார்ச்சில் லியோன் எட்வர்ட்ஸின் விரல் பெலால் முகமதுவின் கண்ணில் பட்டு, இரண்டாம் சுற்றின் தொடக்கத்திலேயே சண்டை முடிவில்லை என்று நிறுத்தப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு பெட்ர் யான் தரையில் முழங்கால் ஊன்றியிருந்த எதிராளி ஸ்டெர்லிங்கை முழங்காலால் தாக்கித் தகுதியிழந்தார், பட்டம் கைமாறியது. எதிர்பாராத தவறால் சண்டை பாதியில் நிற்கும்போது போதிய சுற்றுகள் முடிந்திருந்தால் நடுவர்களின் புள்ளி அட்டைகளைக் கூட்டித் தொழில்நுட்பத் தீர்ப்பு என்று அறிவிப்பார்கள். அது தீர்ப்பு வரை போனதாகுமா, ஆகாதா? பந்தயம் நடத்துபவர் எழுதி வைத்திருக்கும் விதியைப் பொறுத்து அது மாறும். சந்து முனையில் போனில் பந்தயம் வாங்குகிறவர் எதை எழுதி வைத்திருக்கிறார்?

பெயர் வேண்டாம் என்பவர் எழுதியது:

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கல்மண்டபம் ஐயா தன் மருமகனுக்குக் காட்டுவேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் வேப்பம்பூ பச்சடி தயாராகிக்கொண்டிருந்தது. நான் மொட்டைமாடியில் போனோடு உட்கார்ந்திருந்தேன். யுஎஃப்சி 300, மேக்ஸ் ஹாலோவேயும் ஜஸ்டின் கேச்சியும், ஐந்து சுற்றுச் சண்டை. முதல் சுற்றின் இறுதியில் ஹாலோவேயின் சுழல் உதை கேச்சியின் மூக்கில் விழுந்தும் அவர் சாயாமல் நின்றார். நான்கு சுற்றுகள் முடிந்தன. எனக்கு அப்போது இரண்டு ஆண்டு அனுபவம். கொருக்குப்பேட்டைத் தம்பி சொன்ன அதே நியாயத்தை நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹாலோவே தெளிவாக முன்னிலையில் இருக்கிறார், அவருக்கு இனி எந்த அவசியமும் இல்லை, ஐந்து நிமிடம் விலகி விலகி ஆடினால் போதும். ஐந்தாம் சுற்றுக்கு முன் இடைவேளையில் பதினைந்தாயிரம் ரூபாய் கட்டினேன். தீர்ப்பு வரை போகும் என்று. விலை 30 பைசாவோ என்னவோ, மிகக் குறைவு. குறைவாக இருந்ததால்தான் அவ்வளவு பெரிய தொகை கட்டினேன். அது மறுநாள் சீட்டுக்குக் கட்ட வேண்டிய பணம்.

நான் கணக்குப் போட்டபடியே நான்கு நிமிடம் ஐம்பது விநாடி நடந்தது. பத்து விநாடி மிச்சம் என்பதற்கான கட்டைச் சத்தம் கேட்டது. அப்போது ஹாலோவே கூண்டின் நடுவில் நின்று, தரையை விரலால் சுட்டிக்காட்டி, இங்கே வந்து நில், நின்று அடித்துக்கொள்வோம் என்று கேச்சியை அழைத்தார். வெற்றி கையில் இருந்த மனிதர் அவர். அழைக்கத் தேவையே இல்லை. இருவரும் கண்மூடித்தனமாக வீசினார்கள். ஹாலோவேயின் வலது கை பட்டு கேச்சி முகம் குப்புற விழுந்தார். நேரம் 4:59. ஒரு விநாடி மிச்சம்.

உலகமே அதைக் கொண்டாடியது. அது கொண்டாட வேண்டிய சண்டைதான், இன்று ஒத்துக்கொள்கிறேன். அன்று என்னால் கீழே இறங்கிச் சாப்பிட உட்கார முடியவில்லை. அம்மா மூன்று முறை கூப்பிட்டார்கள்.

இது ஒருமுறை நடந்த அதிசயம் என்று நினைத்துத்தான் அடுத்த வாரமும் கட்டினேன், இழந்ததை மீட்க. பிறகு தேடிப் பார்த்தேன். 2015 ஏப்ரலில் மான்ட்ரியலில் டெமெட்ரியஸ் ஜான்சன், ஒவ்வொரு சுற்றிலும் ஆதிக்கம் செலுத்திய பிறகு, ஐந்தாம் சுற்றின் 4:59-இல் ஹொரிகுச்சியைக் கைமூட்டை வளைக்கும் பிடியில் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். 2018 நவம்பரில் டென்வரில் யாயிர் ரோட்ரிகஸ் குனிந்தபடியே முழங்கையை மேல்நோக்கி வீசிக் கொரியாவின் சான் சுங் ஜங்கை வீழ்த்தியதும் ஐந்தாம் சுற்று, 4:59. 2022 ஆகஸ்டில் உஸ்மான் வென்றுகொண்டிருந்த சண்டையில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது எட்வர்ட்ஸின் தலை உதை அவரைச் சாய்த்தது. பின்தங்கியவருக்கு முடித்தே ஆக வேண்டிய நெருக்கடி. முன்னிலையில் இருப்பவருக்குத் தன்மானமும் பார்வையாளர்களின் ஆரவாரமும். சண்டைக்காரர்கள் நம் பந்தயத்துக்காகச் சண்டையிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இழந்தேன். பந்தயம் வாங்கியவர் வீட்டு வாசலில் வந்து நின்றதையும் அப்பாவின் முகத்தையும் இங்கே விவரிக்க விரும்பவில்லை.

திருவொற்றியூர் வழக்கறிஞர் எழுதியது:

மேலே எழுதிய நண்பருக்கு முதலில் ஒன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30-இன்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அந்தக் கடனுக்காக எவரும் உங்கள் மேல் வழக்குத் தொடர்ந்து வசூலிக்க முடியாது, வாசலில் வந்து மிரட்டுவது தனிக் குற்றம். அதே பிரிவின் மறுபக்கம், நீங்கள் வென்ற பணத்தை அவர் தராவிட்டாலும் நீதிமன்றம் வாங்கித் தராது.

திறமை விளையாட்டு என்ற வாதத்தை இளைஞர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப்பந்தயத்தைத் திறமை சார்ந்தது என்று சொன்ன தீர்ப்பு நம் கிண்டியிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. அதை வைத்துச் சண்டைப் பந்தயமும் திறமைதானே என்பார்கள். இன்று அந்த வாதம் உதவாது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி இணையவழிச் சூதாடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே இல்லாமல் தடை செய்கிறது. அதில் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான், ஆடுபவருக்கு அல்ல.

கொருக்குப்பேட்டை இளைஞன் எழுதியது:

பெயர் சொல்லாத அண்ணனின் பதிவை நேற்று இரவு மூன்று முறை படித்தேன். நானும் குறைந்த விலையைப் பாதுகாப்பு என்றுதான் நினைத்திருந்தேன். கணக்கர் ஐயாவிடம் ஒரு கேள்வி. 30 பைசா விலையில் ஒருமுறை தோற்றால் எத்தனை முறை தொடர்ந்து வென்றால் ஈடாகும்?

மின்ட் தெருக் கணக்கர் எழுதியது:

நூறு ரூபாய் வீதம் கட்டினால் மூன்று வெற்றிக்குத் தொண்ணூறுதான் வரும், நான்காவதும் வென்றால்தான் ஒரு தோல்வி ஈடாகும். நூறில் 77 சரியாக இருந்தால் மட்டுமே நட்டமில்லை. விலை வைப்பவரிடமோ பணம் கட்டும் மற்றவர்களிடமோ உங்களிடம் இல்லாத செய்தி இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். 2022 நவம்பரில் லாஸ் வேகஸில் டாரிக் மின்னர் என்பவரின் சண்டைக்குச் சில மணி நேரம் முன்பு, அது முதல் சுற்றிலேயே முடியும் என்ற பக்கம் பணம் திடீரென்று குவிந்தது. அவர் ஒரு உதை விட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார், 1 நிமிடம் 7 விநாடியில் எல்லாம் முடிந்தது. காயம் முன்பே சிலருக்குத் தெரிந்திருந்ததா என்று விசாரணை நடந்தது, கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் சில வாரங்கள் யுஎஃப்சி மீதான பந்தயத்தையே நிறுத்தி வைத்தது. அந்தச் சண்டை நெடுநேரம் போகும் என்று பதிவேட்டைப் பார்த்துக் கட்டியவர்களின் கணக்கில் பிழை இல்லை. அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை.

கல்மண்டபம் வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறன்று மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுவதையும் படிக்க வைத்தேன். பயிற்சியாளர் ஐயாவின் முதல் பதிவைப் படித்தபோது என்னைப் பெருமையாகப் பார்த்தான். 55 சரியாகச் சொன்னவர் நூறு ரூபாய் இழக்கும் கணக்கை நம்பாமல் தானே காகிதத்தில் போட்டுப் பார்த்தான். சித்திரை முதல் நாள் பதிவுக்கு வந்ததும் எதுவும் பேசவில்லை. நான்காயிரத்தை நான் கொடுத்து, மூன்று மாதத் தவணையில் எனக்குத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கியிருக்கிறேன்.

பணம் கட்டாமல் நோட்டில் எழுதிப் பார்க்கட்டும் என்று சொன்னேன். சண்டைக்கு முன்பே எழுத வேண்டும், காரணத்தோடு. முதல் ஞாயிறு பதினொரு சண்டை, ஆறு சரி. தன் கணக்கில் ஏதோ இருக்கிறது என்பதற்கு இது அத்தாட்சி என்கிறான். பெரியவர் எரித்த நோட்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. இது அந்த வழியில் போய்விடாதா?

மின்ட் தெருக் கணக்கர் எழுதியது:

போகாமல் இருக்க இரண்டு செய்யுங்கள். போகும், போகாது என்று மட்டும் எழுதாமல், நூறில் எத்தனை வாய்ப்பு என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள். எழுபது என்று எழுதிய சண்டைகளில் உண்மையிலேயே பத்துக்கு ஏழு தீர்ப்பு வரை போகிறதா என்று பிறகு பார்க்கலாம். காட்டன் நோட்டில் இப்படிச் சரிபார்க்க இடமே இருந்ததில்லை. இரண்டாவது, பதினொன்றில் ஆறு என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது, நாணயம் சுண்டினாலும் அது வரும். நூறு பதிவு சேர்ந்தாலும் ஐந்து விழுக்காடு இங்கும் அங்கும் தானாகவே ஆடும், ஆகவே 50-க்கும் 56-க்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது. நானூறு சேர்ந்தால் அந்த ஆட்டம் இரண்டரையாகக் குறையும், அப்போது கொஞ்சம் தெரியும். ஞாயிற்றுக்குப் பதினொன்று என்றால் முப்பத்தாறு வாரத்துக்குக் கொஞ்சம் மேல்.

கல்மண்டபம் வாசி எழுதியது:

சொன்னேன். இருநூறு பக்க நோட்டு வாங்கி, அட்டை போட்டு, விழுக்காட்டுக்குத் தனிக் கட்டம் கிழித்து வைத்திருக்கிறான். கொருக்குப்பேட்டைத் தம்பியும் விரும்பினால் வரச் சொல்கிறான். கூடம் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திறக்கும்.